'ஃப்வே' என்றால் போனாரா, இருந்தாரா? ஸ்பானிஷ் கற்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் மாலை நேரங்களில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் என் வகுப்பில், இறந்தகாலப் பாடம் தொடங்கும் நாளன்று கரும்பலகையில் இரண்டு வரிகளை எழுதுவது என் வழக்கம். ஒன்று 'ஃப்வே மேதிகோ'. மற்றொன்று 'ஃப்வே அல் மேதிகோ'. முதல் வரிக்கு 'அவர் மருத்துவராக இருந்தார்' என்று பொருள். இரண்டாவது வரிக்கு 'அவர் மருத்துவரிடம் போனார்' என்று பொருள். இடையில் புகுந்த 'அல்' என்ற ஓர் அசையைத் தவிர இரண்டுக்கும் எழுத்திலும் ஒலியிலும் எந்த வேறுபாடும் கிடையாது. சென்ற ஆண்டு அந்த வரிகளைப் பார்த்த மாணவர் ஒருவர், கோயிலுக்கு வரும் வெளிநாட்டவருக்கு வழிகாட்டியாக இருப்பவர், "அப்ப இது ஒரே சொல்லா சார், ரெண்டு சொல்லா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான முழு விடையாகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு சொற்கள்தான். 'செர்' என்றால் இருத்தல் அல்லது ஆதல். 'இர்' என்றால் போதல். நிகழ்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று சற்றும் ஒட்டாதவை. ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்திற்கு வந்தவுடன் இரண்டும் ஒரே உடையை உடுத்திக்கொள்கின்றன: நான் என்றால் 'ஃப்வி', நீ என்றால் 'ஃப்விஸ்தே', அவர் என்றால் 'ஃப்வே', நாங்கள் என்றால் 'ஃப்விமோஸ்', அவர்கள் என்றால் 'ஃப்வேரோன்'. ஸ்பெயின் நாட்டில் மட்டும் 'நீங்கள் எல்லோரும்' என்று நெருக்கமானவர்களைச் சொல்ல 'ஃப்விஸ்தேயிஸ்' என்ற ஆறாவது வடிவமும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்குப் பதிலாக 'ஃப்வேரோன்' என்பதையே சொல்வார்கள்.

தமிழில் வினையின் விகுதியே ஆணா, பெண்ணா, அஃறிணையா என்று காட்டிவிடும். 'ஃப்வே' அதைக் காட்டாது. போனான், போனாள், போனார், போயிற்று எல்லாம் அதற்குள் அடக்கம். மரியாதையாக 'நீங்கள்' என்று ஒருவரை விளிக்கும் 'உஸ்தேத்' என்ற சொல்லுக்கும் இதே வடிவம்தான் வரும். சுற்றுலாப் பயணியிடம் "நீங்கள் ராமேஸ்வரத்துக்குப் போனீர்களா?" என்று கேட்க வேண்டுமானால் "ஃப்வே உஸ்தேத் அ ராமேஸ்வரம்?" என்று கேட்க வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் மரியாதைக்குப் பன்மை என்று எண்ணி, ஒரே ஒருவரிடம் 'ஃப்வேரோன்' என்று கேட்டுவிடாதீர்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். இது ஓரசைச் சொல். 'ஃபு-வே' என்று இரண்டாகப் பிரித்து நீட்டாமல், கீழுதட்டை மேற்பல்லில் தொட்டு ஒரே மூச்சில் 'ஃப்வே' என்று சொல்ல வேண்டும். பழைய நூல்களில் இதன் தலையில் ஓர் அழுத்தக் குறி இருப்பதைப் பார்க்கலாம். ஓரசைச் சொல்லுக்கு அந்தக் குறி தேவையில்லை என்று ஸ்பானிஷ் மொழிக் கழகம் 1952-ல் வகுத்த விதி 1959 ஜனவரி முதல் நாளில் கட்டாயமாயிற்று. அதற்குப் பிறகும் பழக்கத்தால் குறி போட்டு எழுதும் முதியவர்கள் உண்டு. நீங்கள் போட வேண்டாம்.

இரண்டு வினைகளுக்கு ஒரு வடிவம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடம் எளிதாகும். லத்தீனில் 'இருந்தேன்' என்பதற்கு 'ஃபுயி' என்று பெயர். போதலைக் குறிக்கும் லத்தீன் வினைக்குத் தனியாக ஓர் இறந்தகாலம் இருந்தது. ஸ்பானிஷும் போர்த்துக்கீசியமும் உருவான வட்டாரத்தில் அது வழக்கொழிந்து, அதன் இடத்திற்கும் 'ஃபுயி' வந்து அமர்ந்துகொண்டது. போர்த்துக்கீசிய மொழியிலும் 'ஃபோய்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமக்கிறது. ஓர் இடத்தில் இருந்தேன் என்றால் அங்கே போனேன் என்பது தானே விளங்கும் அல்லவா? நம் வாயில் தினமும் வரும் 'போயிருக்கிறேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். "நான் கொடைக்கானலுக்குப் போயிருக்கிறேன்" என்பதில் போதலும் இருத்தலும் சேர்ந்தே நிற்கின்றன. நாம் இரண்டையும் கோத்துச் சொல்கிறோம்; ஸ்பானிஷ்காரர்கள் ஒன்றைக்கொண்டே இரண்டையும் சொல்கிறார்கள். இன்னொரு உறவும் உண்டு. லத்தீனின் அந்த 'ஃபு' என்ற வேரும், ஆதலைக் குறிக்கும் சமஸ்கிருத 'பூ' என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பழைய இலக்கண நூல்கள் இறந்தகாலத்தைப் 'பூதகாலம்' என்று குறிப்பிடும்போது அதில் ஒளிந்திருப்பது 'ஃப்வே'யின் தூரத்து உறவினரே.

இனிச் செய்முறைக்கு வருவோம். வாசிக்கும்போது 'ஃப்வே' எதிர்ப்பட்டால் அந்தச் சொல்லை உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதற்கு அடுத்து வருவதைப் பாருங்கள். அடுத்து 'அ' அல்லது 'அல்' வந்து, அதன்பின் ஓர் இடமோ, ஆளோ, இன்னொரு வினையோ வந்தால் பெரும்பாலும் அது போதல்: 'ஃப்வே அல் மெர்காதோ' என்றால் சந்தைக்குப் போனார், 'ஃப்வே அ கோமெர்' என்றால் சாப்பிடப் போனார். இடையில் எதுவும் இல்லாமல் நேராகப் பெயர்ச்சொல்லோ பண்புச்சொல்லோ வந்தால் அது இருத்தல்: 'ஃப்வே மாயெஸ்த்ரா' என்றால் ஆசிரியையாக இருந்தார், 'ஃப்வே திஃபீசில்' என்றால் கடினமாக இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி எழுதும்போது 'ஃப்வே கந்தாந்தே' என்றால் பாடகியாக விளங்கினார். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடுவதற்காக அவர் நியூயார்க் சென்றதைச் சொல்ல 'ஃப்வே அ நுவேவா யோர்க்'. மதுரையில் பிறந்த அந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பிலேயே இரண்டு 'ஃப்வே'யும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

கவனம் மிகவும் வேண்டிய இடம் 'ஃப்வே எந்' என்ற தொடர். 'எந்' என்றால் 'இல்' என்ற வேற்றுமை உருபு. 'லா போதா ஃப்வே எந் மதுரை' என்ற வாக்கியத்தை என் மாணவர்கள் பலர் "திருமணம் மதுரையில் இருந்தது" என்று பெயர்க்கிறார்கள்; அது தமிழாகவும் இல்லை, ஸ்பானிஷின் கருத்தும் அதுவன்று. "திருமணம் மதுரையில் நடந்தது" என்பதே சரி. ஒரு நிகழ்ச்சி எங்கே, எப்போது நடந்தது என்று சொல்லும்போது மட்டும் 'செர்' வரும். ஆளோ பொருளோ ஓர் இடத்தில் இருந்ததைச் சொல்ல 'எஸ்தார்' என்ற வேறொரு வினை உண்டு. அதன் இறந்தகாலம் 'எஸ்தூவோ'. மாமா மதுரையில் இருந்தார் என்றால் 'எஸ்தூவோ எந் மதுரை'. கச்சேரி மதுரையில் நடந்தது என்றால் 'ஃப்வே எந் மதுரை'. தமிழில் 'நடந்தது' என்ற சொல் பொருந்துமா என்று சொல்லிப் பாருங்கள். மாமாவுக்குப் பொருந்தாது, கச்சேரிக்குப் பொருந்தும். இதைவிட நம்பகமான சோதனை எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. 'எந்' என்பதன்பின் வாகனம் வந்தால் கதையே வேறு: 'ஃப்வே எந் த்ரென்' என்றால் பெரும்பாலும் ரயிலில் போனார் என்றுதான் பொருள்.

'இருந்தது' என்ற நம் சொல் மிகப் பரந்தது. தமிழர்களின் பிழைகளில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது. "என்னிடம் பணம் இருந்தது" என்பதற்கு உடைமையைக் குறிக்கும் 'தெனீயா' வேண்டும். "நேற்று ஒரு கூட்டம் இருந்தது" என்பதற்கு 'உபோ' வேண்டும். "எனக்கு அப்போது பத்து வயது" என்பதற்கும் 'தெனீயா'தான். ஸ்பானிஷில் வயது ஒருவர் கைவசம் வைத்திருக்கும் பொருள். இவற்றில் எதற்கும் 'ஃப்வே' போடக் கூடாது.

அடுத்தது, கற்பவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும் ஒன்று: 'ஃப்வே' எங்கே, 'எரா' எங்கே? 'செர்' என்ற வினைக்கு 'எரா' என்று இன்னொரு இறந்தகாலமும் 'இர்' என்ற வினைக்கு 'இபா' என்று இன்னொன்றும் உண்டு; இவை நடந்துகொண்டிருந்ததை, வழக்கமாக இருந்ததை, கதையின் பின்னணியாக இருந்ததைச் சொல்பவை. 'இபா'வைத் தமிழரைவிட எளிதாகப் பிடிக்கக்கூடியவர் யாரும் இல்லை என்பேன். நம் பாட்டிமார் பழங்கதை சொல்லும்போது "அப்பெல்லாம் நாங்க விடியக்காலையிலேயே வைகைக்குப் போவோம், துணி துவைப்போம், குளிச்சிட்டு வருவோம்" என்பார்கள். நடந்தது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு; வினையோ எதிர்கால வடிவில் இருக்கிறது. இறந்தகாலத்து வழக்கத்தைச் சொல்லும் அந்தப் 'போவோம்' என்பதுதான் 'இபாமோஸ்'. "போய்க்கொண்டிருந்தேன், அப்போது மழை வந்தது" என்பதில் உள்ள 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதும் 'இபா'. தமிழில் சுருக்கமாகப் 'போனேன்' என்று நிறுத்த முடிந்தால் 'ஃப்வி'. இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதல் பொருளில் பெரும்பாலும் தவறு வராது.

'எரா' அவ்வளவு எளிதில் வசப்படாது. "தேர்வு கடினமாக இருந்தது" என்று தமிழில் ஒரே விதமாகத்தான் சொல்கிறோம். எழுதி முடித்துவிட்டு வெளியே வந்து, ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டுச் சொன்னால் 'ஃப்வே திஃபீசில்'. "தேர்வு கடினமாக இருந்தது, மணி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார்" என்று அந்த அறைக்குள் நம்மை மறுபடி உட்கார வைத்துக் காட்டினால் 'எரா திஃபீசில்'. உண்மை ஒன்றுதான், பேசுபவர் நிற்கும் இடம் வேறு. கதவுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தால் 'ஃப்வே', உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தால் 'எரா' என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீண்ட காலம் நடந்தால் 'எரா', சிறிது நேரம் நடந்தால் 'ஃப்வே' என்ற ஒரு தவறான விதி மாணவர்களிடையே உலவுகிறது. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். ஒருவர் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருந்தால் 'ஃப்வே மாயெஸ்த்ரா த்ரெயின்தா ஆன்யோஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முப்பது ஆண்டுகளுக்குத் தொடக்கமும் முடிவும் கணக்கிட்டுச் சொல்லப்பட்டுவிட்டன. கணக்குச் சொல்லியாயிற்று என்றால் கதவு மூடியாயிற்று. மாறாக, மணி சொல்வதற்கு எப்போதும் 'எரா' குடும்பம்தான். 'நான் சிறுவனாக இருந்தபோது' என்ற தொடக்கத்திற்கும் அதுவே.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியோடு மேல மாசி வீதிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மாலை நேரம். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்து, மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே நின்றது. கடைக்காரர் "கரண்ட் போயிருச்சு" என்றார். அதே நொடியில் அந்தப் பெண்மணி தன் கணவரிடம் "செ ஃப்வே லா லூஸ்" என்றார். 'லூஸ்' என்றால் ஒளி, மின்சாரம். 'செ ஃப்வே' என்றால் போய்விட்டது. இரண்டு கண்டங்களைச் சேர்ந்த இருவர், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலேயே, சொல்லுக்குச் சொல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இருட்டில் நான் இருவருக்கும் அதை விளக்க முயன்றதில் டீ ஆறிவிட்டது.

அன்றிலிருந்து 'செ ஃப்வே' என்பதற்கு நான் வேறு விளக்கம் தேடுவதில்லை. 'ஃப்வே' என்றால் போனார். 'செ ஃப்வே' என்றால் போய்விட்டார். நம் 'விடு' என்ற துணைவினை செய்யும் வேலையை அங்கே 'செ' செய்கிறது. 'ஃப்வே அ சென்னை' என்பதில் கவனம் சென்னையின் மீது. 'செ ஃப்வே' என்பதில் கவனம் காலியான இடத்தின் மீது, ஆள் இங்கே இல்லை என்பதன் மீது. ஆகவே 'செ ஃப்வே' எங்கே போனார் என்று சொல்லாமலேயே முழு வாக்கியமாக நிற்கும். 'ஃப்வே' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் எங்கே என்று காத்திருப்பார். ஆளுக்கு ஏற்ப முன்சொல் மாறும்: 'மே ஃப்வி' போய்விட்டேன், 'தே ஃப்விஸ்தே' போய்விட்டாய், 'நோஸ் ஃப்விமோஸ்' போய்விட்டோம். இறந்தவரைப் பற்றி நாம் 'நம்மை விட்டுப் போய்விட்டார்' என்று சொல்வதுபோல் அவர்களும் 'செ நோஸ் ஃப்வே' என்று மெல்லச் சொல்வார்கள். 'நோஸ்' என்றால் நமக்கு. இழப்பு யாருடையது என்று அது காட்டும். பேருந்தைத் தவறவிட்டவர் 'செ மே ஃப்வே எல் அவுதோபூஸ்' என்பார். குழம்பில் உப்பைக் கூடுதலாகப் போட்டவர் 'செ மே ஃப்வே லா மானோ' என்பார். கை போய்விட்டது என்று நேர்ப்பொருள், கை தவறிவிட்டது என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது.

லத்தீன் அமெரிக்காவில் கேட்கும் ஒரு வழக்கைப் பார்த்து மாணவர்கள் திகைப்பதுண்டு. கிளம்பத் தயாராகி, இன்னும் வாசற்படி தாண்டாதவர் 'யா மே ஃப்வி' என்பார்; 'போயாயிற்று' என்று பொருள்படும், ஆள் நம் எதிரிலேயே நிற்பார். இதில் திகைக்க ஒன்றுமில்லை. அம்மா கூப்பிடும்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே "இதோ வந்துட்டேன்" என்று நாம் சொல்வதில்லையா?

அதேபோல் 'கோமோ தே ஃப்வே?' என்ற கேள்வியையும் தமிழ் வழியாகவே கற்க வேண்டும். பரிட்சை எழுதிவிட்டு வருபவரிடம் "எப்படிப் போச்சு?" என்று கேட்கிறோமே, அதுதான் இது. 'தே' என்றால் உனக்கு. விடை 'மே ஃப்வே பியென்', எனக்கு நன்றாகப் போனது. 'மே ஃப்வே' என்பதற்கும் 'மே ஃப்வி' என்பதற்கும் இடையில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. முன்னது 'எனக்குப் போயிற்று', பின்னது 'நான் போய்விட்டேன்'. நேர்முகத் தேர்வு எப்படி நடந்தது என்று கேட்ட ஒருவரிடம் 'மே ஃப்வி பியென்' என்று சொன்ன என் மாணவி, நன்றாகக் கிளம்பிப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

செயப்பாட்டு வினையில் இது சுலபம். 'ஃப்வே' என்பதோடு எச்ச வடிவத்தைச் சேர்த்தால் 'பட்டது' என்ற பொருள் வரும். திருமலை நாயக்கர் அரண்மனை 1636-ல் கட்டப்பட்டது என்பதற்கு 'எல் பாலாசியோ ஃப்வே கோன்ஸ்த்ருயீதோ எந் 1636'. தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகம் 1959-ல் நேருவால் திறந்துவைக்கப்பட்டது என்பதற்கு 'எல் முசேயோ ஃப்வே இனௌகுராதோ போர் நேரு எந் 1959'. பெண்பாற் பெயராக இருந்தால் எச்சத்தின் இறுதி 'ஓ' என்பது 'ஆ' என்று மாறும். இதை வழிகாட்டிகள் நாள் முழுவதும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அளவோடு பயன்படுத்துவது நல்லது. பேச்சில் 'கட்டப்பட்டது' என்று நாம் அடுக்கினால் எப்படிக் கல்வெட்டு வாசிப்பதுபோல் ஒலிக்குமோ, அப்படியே அவர்கள் காதிலும் ஒலிக்கும்.

'தான்' என்று நாம் அழுத்திச் சொல்லும் இடங்களிலும் 'ஃப்வே' வரும். "அவள்தான் சொன்னாள்" என்பதற்கு 'ஃப்வே எய்யா கியென் லோ தீஹோ'. "யார் செய்தது?" என்ற கேள்விக்கு "நான்தான்" என்று சொல்ல 'ஃப்வி யோ'.

ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று காலை நடந்ததை மாட்ரிட்காரர் பெரும்பாலும் 'ஆ ஈதோ', 'ஆ சீதோ' என்ற வேறு வடிவத்தில் சொல்வார். மெக்சிகோக்காரர் அதற்கும் 'ஃப்வே' என்றே சொல்வார். இரண்டும் சரி. 'ஃப்வேரா' என்ற, இதிலிருந்தே கிளைத்த வடிவம் 'இருந்தால்', 'போனால்' போன்ற நிபந்தனைகளுக்கு உரியது. அதிலும் இரண்டு வினைகளும் ஒன்றாகவே இருக்கும் என்பதைத் தவிர இப்போதைக்கு வேறெதுவும் தேவையில்லை.

பயிற்சிக்கு நான் தருவது சித்திரைத் திருவிழாக் கதை. மதுரைப் பிள்ளைகளுக்கு அதன் நிகழ்ச்சி வரிசை தூக்கத்திலும் தெரியும் என்பதால், கதையைத் தேடாமல் வினையின்மேல் மட்டும் கருத்தைச் செலுத்தலாம். மீனாட்சியின் திருமணம் மதுரையில் நடந்தது: 'லா போதா ஃப்வே எந் மதுரை', இது நிகழ்ச்சி. அழகர் குதிரையில் வைகைக்குப் போனார்: 'அழகர் ஃப்வே அல் வைகை அ கபாய்யோ', இது போதல். நேரமாகிவிட்டிருந்தது: இங்கே 'ஃப்வே தார்தே' என்று எழுதுபவர்கள் அதிகம், ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது ஏற்கெனவே நிலவிய பின்னணி அது என்பதால் 'எரா தார்தே' என்பதே பொருந்தும். தங்கைக்குத் திருமணம் முடிந்துவிட்டதைக் கேட்ட அழகர், ஊருக்குள் வராமலேயே வண்டியூருக்குப் போய்விட்டார்: 'செ ஃப்வே அ வண்டியூர்', ஏனென்றால் கோபித்துக்கொண்டு போனவரின் போக்கில் விட்டுச்செல்லுதல் இருக்கிறது. இரு கோயில்களின் விழாக்களையும் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர்தான் என்று முடிக்கலாம்: 'ஃப்வே திருமலை நாயக்கர் கியென்' என்று தொடங்கினால் அந்தத் 'தான்' வந்துவிடும்.

கடைசி வாக்கியத்தை மாணவர்களே எழுத வேண்டும். பூப்பல்லக்கில் அழகர் மலைக்குத் திரும்பும் நாளன்று, சாலையோரத்தில் நின்று வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும் ஒருவரிடம் கேட்டால் "அழகர் மலைக்குப் போனார்" என்று சொல்வாரா, "அழகர் போயிட்டாரு" என்று சொல்வாரா? முதலாவதற்கு 'ஃப்வே அல் மோன்தே' என்று எழுதுங்கள். இரண்டாவதற்கு 'செ ஃப்வே' போதும். மலையின் பெயர்கூட வேண்டாம்.